நெஞ்சு படபடன்னு அடிக்கிற ராத்திரியில எப்படிப் படுக்கணும்: முழு வழிகாட்டி

பகல் பூரா ஒண்ணும் தெரியாது, படுத்து லைட்ட அணைச்ச உடனே நெஞ்சு டமடமன்னு அடிக்க ஆரம்பிக்கும், இந்தப் பக்கம் திரும்பினாலும் அடிக்கும் அந்தப் பக்கம் திரும்பினாலும் அடிக்கும். வடசென்னையில எங்க தண்டையார்பேட்டை பக்கத்துல என்கிட்ட இதச் சொல்லாத வீடு கம்மி. எனக்கும் பல வருஷமா நடுவுல நடுவுல எக்ஸ்ட்ரா துடிப்பு வருது, டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பாத்துட்டு பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு, ஆனா தூங்கறதுக்கு வழிய நாமதான கண்டுபிடிக்கணும். அப்படிக் கண்டுபிடிச்சத அக்கம்பக்கத்துல நிறைய பேருக்கு சொல்லிக் குடுத்திருக்கேன், அவங்க எங்க எங்க தடுமாறுறாங்கன்னு பாத்தும் இருக்கேன்.

எல்லாரும் தடுமாறுறது ஒரே இடத்துலதான். படுத்ததுக்கு அப்புறம் எந்தப் பக்கம் திரும்பலாம்னு தேட ஆரம்பிக்கறாங்க. அது கடைசி வேலைங்க. அதுக்கு முன்னாடி முடிக்க வேண்டியது நிறைய இருக்கு, அத முடிக்காம எப்படிப் புரண்டாலும் தூக்கம் வராது. அதனால கீழ இருக்கற வரிசையில போங்க. இன்னொன்னும் தெளிவா சொல்லிடறேன், படுக்கற விதம் துடிப்பு கோளாற சரி பண்ணாது, அந்தத் துடிப்பு உங்களுக்குத் தெரியற அளவத்தான் குறைக்கும். கோளாறு என்னன்னு கண்டுபிடிக்கிறது டாக்டர் வேலை.

1. மொதல்ல இது படுத்துத் தூங்கக்கூடிய படபடப்பான்னு பாருங்க

இந்தக் கட்டத்தத் தாண்டாம தலகாணியத் தொடாதீங்க. படபடப்போட சேர்ந்து நெஞ்சுல வலி, பாரம் வச்ச மாதிரி அழுத்தம், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவுற வலி, மூச்சு வாங்கறது, கண்ண இருட்டிக்கிட்டு வர்றது, மயங்கி விழறது, சில்லுன்னு வேர்த்துக் கொட்டறது இதுல ஒண்ணு இருந்தாலும் 108-க்கு போன் போடுங்க. வாய் ஒரு பக்கம் கோணுறது, ஒரு கை தூக்க வராதது, பேச்சு குழறுறது இதுவும் அதே மாதிரிதான், ஏன்னா துடிப்பு தாறுமாறா ஓடுற சில பேருக்கு இதயத்துல ரத்தம் கட்டி அது மூளைக்குப் போயிடும்.

இங்க நடக்கற பெரிய தப்பு, "கேஸா இருக்கும்"னு ஒரு சோடாவக் குடிச்சிட்டு விடியட்டும்னு படுத்துக்கறது. வாய்வா இல்லையான்னு வீட்ல உக்காந்து யாராலயும் சொல்ல முடியாது, ஒரு ஈசிஜி எடுத்தா கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிடும். ராயபுரத்துல இருந்து திருவொற்றியூர் வரைக்கும் இருக்கறவங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா எமர்ஜென்சி இருக்கு. அர்த்த ராத்திரியில போயி டாக்டர தொந்தரவு பண்றதான்னு கூச்சப்படாதீங்க.

108-க்கு சொல்லும்போது தெருப் பேரோட சேர்த்து மெயின் ரோட்டுல இருக்கற கோயில், மசூதி, ரேஷன் கடை ஏதாவது அடையாளம் சொல்லுங்க. நம்ம சந்துக்குள்ள வண்டி நுழையாது, அதனால வீட்ல ஒரு பையன முனைக்கு அனுப்பி நிக்க வைங்க. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடுன்னா அதையும் மொதல்லயே சொல்லிடுங்க.

அவசரம் இல்லன்னாலும் தள்ளிப் போடக்கூடாத கேஸ் சிலது இருக்கு. படுத்தா மூச்சு முட்டுது, எழுந்து உக்காந்தா நல்லாயிடுது, சாயங்காலம் ஆனா கால் வீங்குதுன்னா அது இதயம் பலவீனமா இருக்கறதோட அறிகுறியா இருக்கலாம். நிறைய பேர் இதுக்கு ஒரு தலகாணி, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணுன்னு ஏத்திக்கிட்டே போறாங்க, கடைசில உக்காந்துக்கிட்டே தூங்கறாங்க, ஆனா டாக்டர்கிட்ட போறதில்ல. இவங்களுக்கு இந்த வழிகாட்டி இல்ல, உடனே டாக்டர். வேலை செய்யும்போதோ மாடிப்படி ஏறும்போதோ படபடப்பு வந்து தலை சுத்துது, இல்லன்னா குடும்பத்துல சின்ன வயசுலயே திடீர்னு யாராவது இறந்திருக்காங்கன்னாலும் அப்படித்தான்.

2. பல்ஸ ஒரே ஒரு தடவ எண்ணுங்க

உக்காந்து அஞ்சு நிமிஷம் ஆனதுக்கு அப்புறம் எண்ணுங்க. மாடி ஏறி வந்த கையோட எண்ணினா எல்லாருக்கும் வேகமாத்தான் இருக்கும். உள்ளங்கைய மேல பாத்த மாதிரி வச்சிக்கிட்டு, கட்டைவிரல் அடியில மணிக்கட்டுக்கிட்ட இன்னொரு கையோட ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டையும் லேசா வைங்க. கட்டைவிரல வச்சி பாக்காதீங்க, அதுலயே ஒரு துடிப்பு இருக்கறதால கணக்கு குழம்பிடும். துடிப்பு தப்பித் தப்பி வருதுன்னா முழுசா 60 செகண்டும் எண்ணுங்க, சீரா இருந்தா 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்கினா போதும்.

பெரியவங்களுக்கு சும்மா இருக்கும்போது 60-ல இருந்து 100 வரைக்கும் சாதாரணம். எண்ணிக்கையவிட முக்கியம், எப்படி அடிக்குதுங்கறது. நடுவுல ஒண்ணு விட்டு அடுத்தது ஓங்கி அடிக்குதா, சீரா ஆனா ரொம்ப வேகமா ஓடுதா, இல்ல எந்த ஒழுங்கும் இல்லாம தாறுமாறா இருக்கா. சுவிட்ச் போட்டு அணைச்ச மாதிரி டக்குன்னு ஆரம்பிச்சு டக்குன்னு நிக்குதா, இல்ல மெதுவா ஏறி மெதுவா இறங்குதா. இத ஒரு நோட்டுல எழுதி வைங்க, டாக்டருக்கு இது தங்கம். உக்காந்து ஓய்வா இருந்தும் கால் மணி நேரத்துக்கு மேல 120-ஐத் தாண்டியே நிக்குதுன்னாலோ, இதுக்கு முன்னாடி இல்லாம இப்ப புதுசா ஒழுங்கில்லாம ஓடுதுன்னாலோ அன்னைக்கே காட்டிடுங்க, நல்லாத்தான இருக்கேன்னு விட்டுடாதீங்க.

ஒரு தடவ எண்ணினா போதும். எண்ணிட்டு, படுத்துட்டு, மறுபடியும் கையப் பிடிச்சுப் பாத்து, அப்புறம் வாட்ச்ல பாத்து, அப்புறம் பிபி மிஷின் எடுத்து மாட்டிப் பாத்து... இப்படிப் பாக்கப் பாக்க பயம் ஏறும், பயம் ஏறினா துடிப்பும் ஏறும். ஸ்மார்ட் வாட்ச் கட்டறவங்க படுக்கும்போது கழட்டி வேற ரூம்ல வைங்க, டாக்டர் கட்டிக்கிட்டே தூங்கச் சொல்லியிருந்தா மட்டும் இருக்கட்டும்.

3. கைக்கு எட்டற இடத்துல எடுத்து வைக்க வேண்டியது

ராத்திரி நடுவுல எழுந்து தேடினா அந்த அலைச்சல்லயே தூக்கம் போயிடும், அதனால எட்டு மணிக்கே எடுத்து வைங்க. கெட்டியான தலகாணி ரெண்டு, மெத்துன்னு ஒண்ணு. தடியான போர்வையோ ஜமக்காளமோ ரெண்டு மூணு. ஒரு துண்டு. ஒரு சொம்புல தண்ணி. நோட்டு, பேனா. சார்ஜ் போட்ட போன். கட்டில்ல படுக்கறவங்களுக்கு செங்கல் நாலு. டேபிள் ஃபேன் இருந்தா நல்லது, எதுக்குன்னு அஞ்சாவதுல சொல்றேன். விலை குடுத்து சரிவு மெத்தை வாங்கணும்னு அவசியமே இல்ல.

4. சாயங்காலத்துலயே ஆரம்பிக்கணும்

டீயில இருந்து ஆரம்பிக்கலாம். நம்ம ஏரியாவுல ஒரு நாளைக்கு அஞ்சாறு டீ சாதாரணம், அதுலயும் ஹார்பர்லயோ மணலி கம்பெனியிலயோ நைட் ஷிப்ட் போறவங்க கணக்கே வைக்கறதில்ல. டீ, காபியில இருக்கற கஃபீன் உடம்புல பாதியாக் குறையவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும். அதனால படுக்கற நேரத்துல இருந்து பின்னாடி எண்ணி ஆறு மணி நேரத்துக்குள்ள டீ வேணாம். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கறவங்களுக்கு நாலு மணி டீ கடைசி. காசிமேட்டுல மீன் ஏலத்துக்குப் போறதுக்காக ஏழு எட்டு மணிக்கே படுக்கற அக்காங்களுக்கு மத்தியான டீயோட முடிஞ்சது. எனர்ஜி ட்ரிங்க், கோலா ரெண்டும் இதே கணக்குதான்.

அப்புறம் சாப்பாடு. சாப்பிட்டதுக்கும் படுக்கறதுக்கும் நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க. வயிறு முட்ட சாப்பிட்டா செரிக்கறதுக்காக குடலுக்கு ரத்தம் நிறைய போகணும், இதயம் கொஞ்சம் கூடவே வேலை செய்யும், உப்பின வயிறு நெஞ்சக்கூட மேல தள்ளும், எதுக்களிப்பும் வரும், அந்த எதுக்களிப்பே சில பேருக்கு துடிப்ப கிளப்பி விடும். பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா சாப்பாட்டுக் கடையில நின்னு ஒம்பது மணிக்கு காரமா ஒரு அத்தோவும் மேல ஒரு பேஜோவும் சாப்பிட்டுட்டு பத்து மணிக்குப் படுத்தா நெஞ்சு அடிக்காம என்ன பண்ணும். சாப்பிடாதீங்கன்னு சொல்லல, ஆறு ஏழு மணிக்கு சாப்பிடுங்க. பிரியாணியும் அப்படித்தான்.

தண்ணி. இத யாருமே கணக்குல எடுத்துக்கறதில்ல, ஆனா சென்னை வெயில்ல இதுதான் நிறைய பேருக்கு காரணம்னு நான் நினைக்கிறேன். கடல் காத்து ஈரம், வேர்வை காயாது, ஊத்திக்கிட்டே இருக்கும், உடம்புல தண்ணி குறைஞ்சா இதயம் வேகமா அடிச்சுத்தான் ஈடு கட்டும். அதுக்காக படுக்கற நேரத்துல ஒரு பாட்டில் குடிச்சா ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்குப் போகணும். காலையில இருந்தே கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, மத்தியானம் ஒரு டம்ளர் மோர், எட்டு மணிக்கு மேல ஒரு வாய் ரெண்டு வாய்தான். இதயம் பலவீனம், கிட்னி கோளாறுன்னு டாக்டர் தண்ணிக்கு அளவு சொல்லியிருந்தா அந்த அளவத் தாண்டாதீங்க, மோர்ல உப்பும் போடாதீங்க.

சரக்கு, சிகரெட், வாயில ஒதுக்கற புகையிலை. மூணுமே துடிப்ப ஏத்தும். குடிச்சா தூக்கம் வருதேம்பாங்க, வரும், ஆனா பாதி ராத்திரியில போதை இறங்கற நேரத்துல நெஞ்சு அடிச்சு எழுப்பி விட்டுடும். குடிச்ச ராத்திரியில துடிப்பு தாறுமாறா ஓடி ஹாஸ்பிடல் வரைக்கும் போறவங்க இருக்காங்க.

மாத்திரைய பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும். சளிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கற மாத்திரையில மூக்கடைப்ப எடுக்கற மருந்து ஒண்ணு சேர்ந்திருக்கும், அது படபடப்பக் குடுக்கும். ஆஸ்துமாவுக்கு இழுக்கற சால்பூட்டமால் பம்பும் குடுக்கும், தைராய்டு மாத்திரை அளவு கூடிப் போனாலும் குடுக்கும். இதையெல்லாம் நீங்களா நிறுத்தக்கூடாது, டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கணும். மெட்டோப்ரோலால், ப்ரொப்ரனலால் மாதிரி துடிப்பக் குறைக்கற மாத்திரை ஏற்கெனவே போடறவங்க, நல்லாயிடுச்சேன்னு திடீர்னு நிறுத்தினா முன்ன இருந்ததவிட மோசமா திருப்பி அடிக்கும். இன்னொன்னு, எனக்கு இத நினைச்சாலே பதறும், எதிர் வீட்டு அக்கா "இந்தா, நான் போடறதுதான், அரை மாத்திரை போட்டுட்டு படு"ன்னு பாசத்துல எடுத்துக் குடுக்கறது. ஆஸ்துமா இருக்கறவங்க ப்ரொப்ரனலால் போட்டா மூச்சுக் குழாய் இறுகி உயிருக்கே ஆபத்தாயிடும். தயவு செஞ்சு ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தர் போடாதீங்க.

5. எங்க படுக்கறது, தலை எந்தப் பக்கம்

நம்ம வீடுங்கள்ல ஒரே ஹால்ல நாலு பேர் வரிசையா படுக்கறதுதான் வழக்கம். அப்ப சுவர் எந்தப் பக்கம் வருதுன்னு பாருங்க. ஏழாவதுல சொல்லப் போற மாதிரி வலது பக்கம் திரும்பிப் படுக்கும்போது மூஞ்சி சுவத்துக்கிட்ட போச்சுன்னா பகல் பூரா வெயில் குடிச்ச சுவர் சூட்ட மூஞ்சியிலயே அடிக்கும், காத்து வராது, பத்து நிமிஷத்துல மூச்சு முட்டற உணர்வு வந்து மறுபடி இடது பக்கம் புரண்டுடுவீங்க. தலைய மாத்தி வைங்க, இல்லன்னா வரிசையில அந்தக் கோடிக்குப் போங்க.

தெற்குல தலை வச்சு வலது பக்கம் திரும்பினா மூஞ்சி கிழக்க பாக்கும், நமக்கு கிழக்கதான கடல், அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தா காத்து நேரா மூஞ்சிக்கு வரும். கிழக்குல தலை வச்சு வலது பக்கம் திரும்பினா மூஞ்சி வடக்க பாக்கும். வடக்குல தலை வைக்கக்கூடாதுன்னு வீட்ல பெரியவங்க சொல்றதுக்கும் இது ரெண்டுமே ஒத்து வரும், அதனால சண்டை இல்லாம மாத்திக்கலாம்.

சூடு குறைஞ்சா துடிப்பும் குறையும். உடம்பு சூட்ட வெளியேத்தறதுக்கு தோலுக்கு ரத்தத்த அனுப்பிக்கிட்டே இருக்கணும், அது இதயத்துக்கு கூடுதல் வேலை. படுக்கறதுக்கு அரை மணி முன்னாடி சாதா தண்ணியில ஒரு குளியல் போடுங்க, தளர்ந்த காட்டன் துணி போடுங்க, இறுக்கமான உள்ளாடை, நாடா எல்லாத்தையும் தளர்த்துங்க. மொட்டை மாடியில படுக்க வசதி இருந்தா நல்லதுதான், ஆனா தனியா படுக்காதீங்க. கொசுவுக்கு சுருள் கொளுத்தறதுக்கு பதிலா வலை கட்டுங்க, மூடின ரூம்ல அந்தப் புகை மூச்ச கஷ்டப்படுத்தும். எண்ணூர், மணலி பக்கம் ராத்திரி கெமிக்கல் வாசனை அடிக்கற நாள்ல ஜன்னல சாத்திட்டு டேபிள் ஃபேன உள்ளயே ஓட விடுங்க.

டேபிள் ஃபேன் கேட்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அந்த ஒரே சீரான சத்தம். நடு ராத்திரி அமைதியில நம்ம துடிப்பு நமக்கே கேக்கும், ஃபேன் சத்தம் அத மூடிடும். தலைமாட்டுக்கு ரெண்டு அடி தள்ளி வைங்க.

6. சரிவு போடறது

எந்தப் பக்கம் திரும்பறதா இருந்தாலும், மொதல்ல இடுப்புல இருந்து தலை வரைக்கும் லேசா சரிவா இருக்கணும். தட்டையா படுத்தா கால்ல, வயித்துல இருக்கற ரத்தம் நெஞ்சுப் பக்கம் கூடுதலா வரும், ஒவ்வொரு துடிப்பும் ஓங்கி விழற மாதிரி தெரியும். வயித்துல இருக்கற அமிலமும் மேல ஏறும்.

கட்டில்ல படுக்கறவங்க தலைமாட்டு கால் ரெண்டுக்கும் அடியில ரெண்டு ரெண்டு செங்கல படுக்க வைங்க, சுமாரா ஆறு இன்ச் உயரம் வரும். கட்டில் கால் செங்கலோட நடுவுல உக்காரணும், ஓரத்துல நின்னா சரிஞ்சிடும், வச்சதுக்கு அப்புறம் ஒரு தடவ ஆட்டிப் பாத்துட்டு ஏறுங்க.

பாய்ல படுக்கறவங்களுக்கு போர்வைதான். மொதல் போர்வைய நீளமா மடிச்சு இடுப்புல இருந்து தலை வரைக்கும் வர்ற மாதிரி பாய்க்கு அடியில விரிங்க. ரெண்டாவது, நெஞ்சுல இருந்து தலை வரைக்கும். மூணாவது, தோள்ல இருந்து தலை வரைக்கும். படி படியா ஏறி சரிவாயிடும். மேல பாயப் போட்டு அதுக்கு மேல ஒரே ஒரு தலகாணி.

இதுல எல்லாரும் பண்ற தப்பு, தலைக்கு மட்டும் மூணு தலகாணி அடுக்கறது. அப்படி வச்சா கழுத்து மடங்கும், தாடை நெஞ்சுல இடிக்கும், வயிறு மடிஞ்சு அமுங்கும், எதுக்களிப்பு கூடத்தான் செய்யும், காலையில கழுத்து வலி வேற. உயர வேண்டியது முதுகு. சரியா இருக்கான்னு தெரிஞ்சுக்க, மல்லாந்து படுத்துப் பாருங்க, கழுத்துல இழுப்பு இல்லாம மேல கூரைய நேராப் பாக்க முடியணும்.

7. வலது பக்கம் திரும்பிப் படுக்கறது

நிறைய பேருக்கு சரிப்பட்டு வர்றது வலது பக்கம்தான். இடது பக்கம் படுத்தா இதயம் அதோட எடையில நெஞ்சுச் சுவர் பக்கம் சாயும், அதோட முனை இடது பக்க விலா எலும்புக்கு ரொம்பக் கிட்ட வந்து ஒவ்வொரு அடியும் பாய் வரைக்கும் தெரியும். துடிப்பு கூடல, கிட்ட வந்துடுச்சு, அவ்வளவுதான். இது புரிஞ்சாலே பாதி பயம் போயிடும். சில பேருக்கு மட்டும் இடது பக்கம் படுக்கறதே கோளாறான துடிப்ப ஆரம்பிச்சு வைக்கும், அதனால உங்களுக்கு எப்படின்னு நோட்டுல குறிச்சு வைங்க.

சும்மா திரும்பினா போதாது. இந்த வரிசையில பண்ணுங்க. மொதல்ல சரிவுல உக்காருங்க, வலது முழங்கைய ஊனி மெதுவா சாயுங்க, தொப்புன்னு விழாதீங்க. கீழ இருக்கற வலது தோள கொஞ்சம் முன்னாடி இழுத்து விடுங்க, முழு எடையும் தோள் மூட்டுல நின்னா கை மரத்துப் போயி அரை மணியில எழுப்பி விட்டுடும். கைய தலைக்கு அடியில மடிச்சு வைக்காதீங்க, அதுவும் மரத்துப் போகும்.

தலகாணி உயரம், தோளுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய நிரப்பற அளவு. காது தலகாணியில அழுந்தினா டுப் டுப்னு சத்தம் காதுக்குள்ளயே கேக்கும், இதயம் தலைக்குள்ள வந்துடுச்சோன்னு பயந்துக்கறவங்கள நான் பாத்திருக்கேன். துண்ட வட்டமா சுருட்டி தலகாணி மேல வச்சு, காது அந்த ஓட்டைக்குள்ள வர்ற மாதிரி படுங்க. சத்தம் போயிடும்.

மெத்துன்னு இருக்கற தலகாணிய முன்னாடி கட்டிப் பிடிச்சுக்கோங்க, இடது கை அது மேல. இல்லன்னா இடது கை நெஞ்சு மேல விழும், விழுந்தா உள்ளங்கையில துடிப்பு தெரியும், தெரிஞ்சா எண்ண ஆரம்பிப்பீங்க. இந்த ஒண்ண மட்டும் மாத்தினதுலயே தூங்கினவங்க இருக்காங்க. ரெண்டாவது கெட்டி தலகாணிய முழங்காலுக்கு நடுவுல வைங்க, இடுப்பு முறுக்காது. காலை வயித்துக்கிட்ட ரொம்ப மடக்காதீங்க, வயிறு அமுங்கி மூச்சு மேலோட்டமா ஓடும்.

கடைசியா, பழைய லுங்கியோ பெட்ஷீட்டோ சுருட்டி முதுகுக்குப் பின்னாடி அண்டக் குடுங்க. தூக்கத்துல தன்னால இடது பக்கம் புரள்றத அது தடுக்கும்.

குப்புறப் படுக்கறது மட்டும் வேணாம். நெஞ்சு அமுங்கும், கழுத்து திருகும், துடிப்பு நேரா தரையில முட்டும்.

8. வலது பக்கம் ஒத்துக்காதவங்க

எதுக்களிப்பு ஜாஸ்தி இருக்கறவங்களுக்கு வலது பக்கம் படுத்தா நெஞ்சு எரியும். இரைப்பை இடது பக்கம் தொங்கறதால, இடது பக்கம் படுக்கும்போது அமிலம் உணவுக்குழாய் வாய்க்கு கீழயே நிக்கும். இவங்க ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கறாங்க. மொதல்ல சரிவ சரியா போட்டு, சாப்பாட்டு நேரத்த முன்னாடி தள்ளிட்டு வலது பக்கம் பாருங்க, அப்பவும் எரிஞ்சா சரிவுல மல்லாந்து, முழங்காலுக்கு அடியில ஒரு தலகாணி வச்சுப் படுங்க.

குறட்டை பலமா விடறவங்க, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு வீட்ல சொல்றவங்க மல்லாந்து படுக்கக் கூடாது. மூச்சு நிக்கும்போது ஆக்சிஜன் குறைஞ்சு இதயம் திடுக்குன்னு அடிச்சு எழுப்பும், துடிப்புக் கோளாறுக்கு இது ஒரு முக்கியமான காரணம். பக்கவாட்டுல மட்டும் படுங்க, டாக்டர்கிட்ட குறட்டையப் பத்தி கண்டிப்பா சொல்லுங்க. படபடப்புக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சு யாரும் சொல்றதே இல்ல.

கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ரத்த அளவு கூடறதால துடிப்பு வேகமா இருக்கறது சகஜம். ஏழு மாசத்துக்கு மேல மல்லாந்து படுக்காதீங்க, கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாய அமுக்கி தலை சுத்தும். டாக்டர் இடது பக்கம்னு சொல்லியிருந்தா இடதுதான், அப்ப முன்னாடி கட்டிப் பிடிக்கற தலகாணியும் காதுக்குத் துண்டும் இன்னும் முக்கியம். ஹீமோகுளோபின் பாத்தாச்சான்னு கேளுங்க, ரத்த சோகையே நிறைய பொம்பளைங்களுக்கு படபடப்பக் குடுக்குது, கர்ப்பம் இல்லாதவங்களுக்கும்தான்.

9. படுத்ததுக்கு அப்புறம் அசையாம பத்து நிமிஷம்

இங்கதான் பொறுமை போயிடுது. ஒரு நிமிஷம் படுத்துப் பாக்கறது, சரியில்லன்னு திரும்பறது, மறுபடி திரும்பறது. ஒவ்வொரு தடவ புரளும்போதும் உடம்பு வேலை செய்யுது, துடிப்பு ஏறுது, ரத்த ஓட்டம் மாறுது. படுத்த மொதல் நிமிஷம் எல்லாருக்கும் அடிக்கத்தான் செய்யும். முழுசா பத்து நிமிஷம் குடுத்துட்டுத்தான் இது ஆகுமா ஆகாதான்னு முடிவு பண்ணணும்.

அந்தப் பத்து நிமிஷமும் மூச்சுல கவனம் வைங்க. மூக்கால நாலு எண்ணற வரைக்கும் உள்ள இழுங்க, ஆறு எண்ணற வரைக்கும் மெதுவா விடுங்க. விடற மூச்சு நீளமா இருந்தா துடிப்ப மெதுவாக்கற நரம்புக்கு வேலை கூடும், அதான் காரணம். வயிறு ஏறி இறங்கணும், தோள் இல்ல. ரொம்ப ஆழமா, வேகமா இழுக்காதீங்க, கை கால் சுள்ளுனு மரத்து தலை சுத்தும், அத பாத்து அட்டாக்னு பயந்துடுவீங்க.

நடுவுல ஒரு துடிப்பு விட்டுப் போச்சுன்னா அது இதயம் நின்னதில்ல. ஒரு துடிப்பு முன்கூட்டியே வந்துடுச்சு, அது சின்னதா இருக்கறதால நமக்குத் தெரியல, அப்புறம் சின்ன இடைவெளி, அந்த நேரத்துல கூடுதலா ரத்தம் நிரம்பி அடுத்த அடி ஓங்கி விழுது. ராத்திரியில துடிப்பு மெதுவா ஓடறதால இந்த இடைவெளி நல்லாவே தெரியும். டாக்டர் ஏற்கெனவே பாத்து பயமில்லன்னு சொன்னவங்க இத ஞாபகம் வச்சுக்கோங்க.

10. நடு ராத்திரி தூக்கி எழுப்பினா

டக்குன்னு எழுந்து நிக்காதீங்க. பக்கவாட்டுல கைய ஊனி உக்காருங்க, காலத் தொங்க விடுங்க, பாய்ல இருக்கறவங்க சுவத்துல சாய்ஞ்சு உக்காருங்க. பிபி மாத்திரை போடற பெரியவங்க சட்டுன்னு எழுந்தா பிபி இறங்கி விழுந்துடுவாங்க. ரெண்டு வாய் தண்ணி குடிங்க, ஒரு தடவ பல்ஸ் எண்ணி மணியோட எழுதுங்க, ஒண்ணாவதுல சொன்ன அறிகுறி ஏதாவது இருக்கான்னு பாருங்க. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடறவங்க வேர்வையும் நடுக்கமும் இருந்தா சுகர் இறங்கியிருக்கலாம், மிஷின் இருந்தா பாருங்க, இல்லன்னா மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கலக்கிக் குடிங்க, கால் மணி நேரத்துல தெளியலன்னா ஹாஸ்பிடல்.

ஒண்ணுமில்லன்னா நீள மூச்சு, பத்து நிமிஷம். போன எடுத்து படபடப்பு ஏன் வருதுன்னு தேடாதீங்க. அடங்கினதுக்கு அப்புறம் மறுபடி ஏழாவதுல இருக்கற வரிசையிலயே படுங்க.

சுவிட்ச் போட்ட மாதிரி டக்குன்னு ஆரம்பிக்கற வேகத் துடிப்புன்னு ஈசிஜியில கண்டுபிடிச்சவங்களுக்கு, மூச்ச அடக்கி முக்கி அப்புறம் படுத்து கால தூக்கற ஒரு பயிற்சி இருக்கு, நிறைய பேருக்கு அதுலயே நின்னுடும். டாக்டர் முன்னாடி ஒரு தடவ செஞ்சு பழகிட்டு வந்து பண்ணுங்க. கழுத்து நரம்ப தேய்க்கறது, பலமா இருமறதுன்னு யாரோ வாட்ஸப்ல அனுப்பினத வச்சுப் பண்ணாதீங்க, கழுத்த அமுக்கறது வயசானவங்களுக்கு பக்கவாதம் வரைக்கும் கொண்டு போகலாம்.

11. டாக்டர்கிட்ட போகும்போது

ரெண்டு வாரம் நோட்டு எழுதினா போதும். தேதி, மணி, பல்ஸ், எந்தப் பக்கம் படுத்திருந்தீங்க, அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க, கடைசி டீ எப்ப, எவ்வளவு நேரம் ஓடுச்சு. மாதவிடாய் தேதியும் எழுதுங்க, அந்தச் சமயத்துல கூடறவங்க இருக்காங்க, மாதவிடாய் நிக்கற வயசுலயும் கூடும். போடற எல்லா மாத்திரையும் அட்டையோட ஒரு கவர்ல எடுத்துட்டுப் போங்க, நாட்டு மருந்து, சத்து பவுடர் உள்பட.

பகல்ல எடுக்கற ஈசிஜி நார்மல்னு வந்துடும், "அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா, நான் பொய் சொல்றேனா"ன்னு நிறைய பேர் மனசு உடைஞ்சு போயிடறாங்க. படபடப்பு இல்லாத நேரத்துல எடுத்தா அப்படித்தான் வரும். ராத்திரியிலதான் வருதுன்னு நோட்டக் காட்டி, 24 மணி நேரம் மாட்டிக்கிட்டு துடிப்பப் பதிவு பண்ற ஹோல்டர் மிஷின் தேவையான்னு கேளுங்க. ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம், சுகர் பாக்கணுமான்னும் கேளுங்க, ஒண்ணுக்கு நிறைய போக வைக்கற பிபி மாத்திரை போடறவங்களுக்கு பொட்டாசியம் குறைஞ்சே துடிப்பு தடுமாறும். ஹோல்டர் மாட்டற அன்னைக்கு ராத்திரி மட்டும் வழக்கமா எப்படிப் படுப்பீங்களோ அப்படியே படுங்க, இடது பக்கம் படுத்தா வருதுன்னா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் படுத்து மணியக் குறிச்சு வைங்க, அப்பதான் அது மிஷின்ல பதிவாகும்.